ஒலியட்டையும் அதன் இயக்கியும்

கணினி ஒன்று பேசவோ பாடவோ வேண்டுமாயின் அதனுள் ஒலியட்டை இருத்தல் வேண்டும். அட்டை மாத்திரம் இருந்தாற் போதாது. அதனை ஏவி நடத்தும் இயக்கி என்னும் மென்பொருளும் அதற்குப் பொருந்தி வருதல் வேண்டும். பொருந்தாத இயக்கியை ஏற்றினால் ஒலி பிறவாது. பொருத்தம் பார்க்கும் இப்பணியைச் சிறு கட்டளை நிரல் ஒன்றிடம் ஒப்புவிக்கலாம். லினக்ஸ் கணினிகளில் 'அல்சாகொன்ஃப்' என்னும் நிரல் பல ஆண்டுகள் இப்பணியையே செய்து வந்தது.

அத்தகைய நிரல் அட்டையை எவ்வாறு இனங்காண்கின்றது? 1990களின் முற்பகுதியில் வழங்கிய ஐ.எஸ்.ஏ. அட்டைகள் பல தம்மைத் தாமே அறிவிக்கமாட்டா. ஆதலின், சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்கு வழக்கமான 220 என்னும் முகவரி போன்றவற்றைத் தட்டிப் பார்த்து, விடை வருகின்றதா எனக் கவனிக்க வேண்டியிருந்தது. அம்முகவரியில் வேறொரு கருவி குடியிருந்தால், தட்டிய மாத்திரத்தே கணினி முழுவதும் அசைவற்றுப் போதலும் உண்டு. ஆகவே, இச்சோதனைக்கு முன் பயன்படுத்துவோரின் சம்மதத்தைக் கேட்பதே நல்ல நிரலுக்கு அழகு.

பின்வந்த பி.சி.ஐ. அட்டைகள் இத்தொல்லையை நீக்கின. அவை ஒவ்வொன்றும் இரண்டு எண்களைத் தம்மகத்தே தாங்கியுள்ளன. ஒன்று உற்பத்தி செய்த நிறுவனத்தைக் குறிக்கும். மற்றையது சில்லின் வகையைக் குறிக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. கிரியேட்டிவ் நிறுவனத்தின் எண் 1102. நிரல் இவ்வெண்களை வாசித்து, அட்டவணையோடு ஒப்புநோக்கி, உரிய இயக்கியைத் தெரிந்தெடுக்கின்றது.

பெட்டியின் மேலுள்ள பெயர் இங்கே துணை செய்யாது. 'சவுண்ட் பிளாஸ்டர் லைவ்' என்ற பெயரில் விற்பனையான அட்டைகளுள், 0002 என்னும் சில்லெண் உடையதற்கு 'இ.எம்.யு.10கே1' இயக்கி வேண்டும். அதே பெயர் தாங்கிய 24 பிற் அட்டையின் சில்லெண்ணோ 0007, அதற்குரியது 'சி.ஏ.0106' இயக்கி. பெயரை நம்புவோர் ஏமாறுவர்; எண்ணை நம்புவோர் ஏமாறார்.

இக்காலத்தில் ஒவ்வோர் இயக்கியும் தனக்குரிய எண்களைத் தன்னுள்ளேயே குறித்து வைத்திருப்பதால், லினக்ஸ் தானாகவே பெரும்பாலும் பொருத்தத்தைக் கண்டுகொள்கின்றது. எனினும், இயக்கி சரியாக அமைந்த பின்னரும் மௌனம் நீடித்தல் கூடும். அல்சா முறையில் ஒலிவாயில்கள் தொடக்கத்தில் அடைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். இதனை அறியாதார் இயக்கியைப் பழித்து, பொருந்திய இயக்கியையே மாற்றிக் கெடுப்பர். ஆதலின், ஒலிவாயிலைத் திறந்துவிட்ட பின்னரே நிரலின் கடமை நிறைவுறுகின்றது.