புகார்ப் பெட்டியும் நாற்காலியும்

(தொழிலாளர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் எட்டு வருஷம் நூற்பாலையில் வேலை பார்த்தவள். எங்க ஆலையில் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. மேனேஜர் ரூம் வாசலில், கேமராவுக்கு நேர் கீழே. சாவி சூப்பர்வைசரிடம். யார் மேல் புகாரோ, அவர்கிட்டயே சாவி!

ராத்திரி ஷிப்டில் கக்கூஸ் போகவும் டோக்கன் வாங்கணும். டோக்கன் கேட்டுப் போகிற பெண்களிடம் அந்த ஆள் பேசுகிற பேச்சைச் சபையில் சொல்ல முடியாது. எழுதிப் போட்டோம். பேர் போடலை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டார்கள். நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன். புகாரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "ஊர்ல நீ எந்தத் தெரு?" என்றுதான் கேட்டார்கள். அடுத்த மாசம் வெளிநாட்டு பையருடைய ஆடிட் வந்தது. ரிஜிஸ்தரில் 'புகார் ஏதுமில்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் இதைத்தான் குறைதீர்ப்பு என்கிறார்கள். தனியா வா, நின்னுக்கிட்டுச் சொல், முடிவை நாங்க சொல்றோம். பண்ணையார் வீட்டு வாசலில் நம்ம தாத்தா நின்றதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பேச்சுவார்த்தை என்றால் எதிரில் நமக்கும் நாற்காலி வேணும்.

சங்கம் வைத்தால் நாற்காலி கிடைத்துவிடுமா? அதுவும் தானாகக் கிடைக்காது. 1928 பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்ப்பதில்லை. தறி நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கணும். எச்சில் படும், தீட்டாம்! இதில் முதலாளியோடு சாதித் தொழிலாளியும் கூட்டு. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இந்த அநியாயத்தைச் சேர்க்க அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. ஆக, மேசையில் யார் உட்காருகிறார்களோ, அவர்களுடைய வலிதான் மேசைக்கு வருகிறது.

நம்ம காலத்துக்கு வருவோம். 2021 ஜனவரி. திண்டுக்கல் பக்கம் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானது அவருடைய சூப்பர்வைசர். அந்தப் பெண் டிடிசியூ சங்க உறுப்பினர். பெண்கள், அதிலும் தலித் பெண்கள், முன்னின்று நடத்தும் சங்கம் அது. அவர்கள் இழப்பீட்டோடு நிற்கவில்லை. பிற நாட்டுத் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து, துணி வாங்குகிற கம்பெனிகளின் கழுத்தைப் பிடித்தார்கள். 2022இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகியவையும் போட்டன.

அதில் என்ன இருந்தது? தளத்தில் வேலை செய்கிற பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். சாதிப் பாகுபாடும் பாலியல் வன்முறையும் ஒரே பட்டியலில். புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை. தகராறு தீராவிட்டால் வெளியிலிருந்து நடுவர். நிர்வாகம் மீறினால் ஆர்டரில் கை வைப்பார்கள். முதலாளிக்கு மனசு மாறி வந்ததில்லை இது. ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் வந்தது. அந்த நாற்காலி வருவதற்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

மாணவத் தோழர்களே, நாளைக்கு நீங்கள் ஒரு ஆலை வாசலுக்குப் போவீர்கள். 'எங்ககிட்ட குறைதீர்ப்புக் குழு இருக்கு' என்று பலகையைக் காட்டுவார்கள். மூணு கேள்வி கேளுங்கள். சாவி யாரிடம்? குழுவில் சேரிப் பெண் எத்தனை பேர்? அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்?

என்னை நிற்க வைத்த அந்த அறைக்கு நான் மறுபடி போகவில்லை. என் தங்கச்சிகள் போவார்கள். அவர்கள் உட்கார்ந்து பேசணும்.