கடைசி பெஞ்சில் ஒரு டீச்சர்



தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம். நாகர்கோவிலில் காலை ரயில் பிடித்துத் திருவனந்தபுரம் வந்து, ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முதல் வகுப்புக்குப் பதினான்கு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஐம்பது நிமிட வகுப்பு. இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே பதினான்கு பக்கமும் தீர்ந்துவிட்டது. மீதி நேரம் முழுவதும் பலகையில் எழுதியதையே அழித்து மறுபடி எழுதினேன். அறுபது பிள்ளைகளும் பொறுமையாக அதையும் எடுத்தெழுதினார்கள். அந்தப் பொறுமை இன்றும் என்னை உறுத்துகிறது.

பாடம் எனக்குத் தெரியும். நடத்தத் தெரியாது. நம் நாட்டில் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்த ஆசிரியர் பயிற்சிப் படிப்பு வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கு பி.எட். வேண்டும். கல்லூரிக்கு வந்துவிட்டால் முதுகலைப் பட்டமும் நெட் தேர்வோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் பற்றிச் சில கேள்விகள் வரும், விடையைக் குறித்துவிடலாம். ஒரு பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்தத் தாளில் தேறிவிடலாம்.

எங்கள் துறையில் மூத்த டீச்சர் ஒருவர் இருந்தார். கேரளத்தில் கல்லூரிப் பேராசிரியையையும் டீச்சர் என்றுதான் அழைப்பார்கள். இரண்டாவது வாரம் என்னிடம் வந்து, “மோளே, நாளை உன் கிளாஸில் வந்து உட்காரட்டுமா?” என்று கேட்டார். மறுக்கத் தெரியாமல் தலையாட்டினேன். மறுநாள் கடைசி பெஞ்சில், பிள்ளைகளோடு பிள்ளையாக, ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அன்று என் குரல் நடுங்கியது.

மாலையில் ஸ்டாஃப் ரூமில் தாம் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் நடந்தது. பத்து ஐந்து: வருகைப் பதிவு. பத்து பன்னிரண்டு: சமன்பாடு, எல்லோரும் எழுதுகிறார்கள். பத்து இருபது: ஜன்னலோரம் மூன்று பேர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். பத்து இருபத்தாறு: ‘புரிகிறதா’ என்று கேட்டாய், யாரும் வாய் திறக்கும் முன்பே அடுத்த வரிக்குப் போய்விட்டாய். அவ்வளவுதான். நல்லது, கெட்டது என்று ஒரு சொல்கூட அதில் இல்லை.

என் வகுப்பை முதன்முதலாக நானே பார்த்தது அந்தத் தாளில்தான்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று எழுபதுகளில் அவர் அளந்து பார்த்தார். பெரும்பாலும் ஒரு நொடி. அதை மூன்று நொடியாக நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வாயே திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டார். எங்கள் டீச்சர் அந்த ஆய்வைப் படித்திருந்தாரோ என்னவோ. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த ஒரு நொடி கண்ணுக்குத் தெரியும்.

புதிய ஆசிரியரைப் பழக்கும் விஷயத்தில் நம் நாட்டில் எழுதிவைத்த வரலாறு ஒன்று உண்டு. பேராசிரியர் டி. எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1966இல் அறிக்கை தந்தது. புதிதாக வேலைக்கு வரும் கல்லூரி விரிவுரையாளரைப் பற்றி அதில் மூன்று யோசனைகள் இருந்தன. புதியவருக்கு அந்த நிறுவனத்தோடு பழகிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். நல்ல ஆசிரியர்களின் வகுப்புகளில் போய் உட்கார அவரை ஊக்கப்படுத்துங்கள். பல்கலைக்கழகங்களில் முறையான அறிமுகப் பயிற்சி நடத்துங்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்கென்றே ஒரு ஆசிரியர் கல்லூரி அமைக்கலாம்.

மூன்றாவது யோசனை இருபது ஆண்டு கழித்துக் கைகூடியது. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 1987 முதல் நாடெங்கும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் திறந்தது. தமிழ்நாட்டில் சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் வந்தன. இங்கே கேரளப் பல்கலைக்கழகத்தில், நகரத்திலிருந்து கழக்கூட்டம் போகும் வழியில் காரியவட்டம் வளாகத்தில் இருக்கிறது. 2015 வாக்கில் மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. 2023 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய மாளவியா இயக்கத்துக்குப் பிறகு அதன் பெயர் மாளவியா இயக்க ஆசிரியர் பயிற்சி மையம். பழைய ஆசிரியர்கள் இன்றும் ஸ்டாஃப் காலேஜ் என்றுதான் சொல்கிறோம்.

அந்தப் பயிற்சிகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஓரியண்டேஷன் என்ற அறிமுகப் பயிற்சி அப்போது இருபத்தெட்டு நாள், ரெஃப்ரெஷர் என்ற புத்தாக்கப் பயிற்சி இருபத்தொரு நாள். ஓரியண்டேஷனில் எல்லாப் பாடத்து ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்வார்கள். தாவரவியல்காரர் பக்கத்தில் வரலாற்றுக்காரர், அவர் பக்கத்தில் வணிகவியல்காரர். ஒவ்வொருவரும் பத்து நிமிடம் மற்றவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். அப்படி ஒரு அரங்கில் மலையாள ஆசிரியர் ஒருவர் ஒரு கவிதையை நடத்தினார். முதலில் கவிதையை இரண்டு முறை மெதுவாக வாசித்தார், பிறகு பேசாமல் நின்றார். அரை நிமிடம் இருக்கும். எங்களில் ஒருவர் தானாகவே பேசத் தொடங்கினார், பின் இன்னொருவர். ஒரு இயற்பியல் வகுப்பிலும் இப்படி மௌனமாக நிற்கலாம் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

எரிக் மஸூர் என்ற பெயரையும் அப்படி ஒரு பயிற்சியில்தான் கேட்டேன். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர். மாணவர்கள் அவருடைய வகுப்புக்கு நல்ல மதிப்பீடு தந்துகொண்டிருந்தார்கள். 1990 வாக்கில், விசை பற்றிய மிக எளிய கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வைத்தார். ஒரு மாணவி அவரிடம், நீங்கள் சொல்லித்தந்தபடி பதில் எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாளாம். கடினமான கணக்குகளைப் போட்டுவிடும் மாணவர்கள் அந்த எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். அதன் பிறகுதான் அவர் விரிவுரையை நிறுத்திக் கேள்வி கேட்டு, மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லும் முறையை வளர்த்தெடுத்தார்.

பயிற்சி முடிந்து வந்ததும் என் வகுப்பில் கேட்டேன். ஒரு லாரியும் ஒரு மாருதி காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. லாரி கார் மேல் செலுத்தும் விசை பெரிதா, கார் லாரி மேல் செலுத்தும் விசை பெரிதா? நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிக்கும் பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் லாரிக்குக் கை தூக்கினார்கள். இரண்டும் சமம்தான். அடிபட்டு நசுங்குவது கார், அதன் நிறை குறைவு என்பதால் அதன் வேகம் சட்டென்று அதிகமாக மாறுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள் என்றேன். பத்து நிமிடம் சந்தை போல இரைச்சல். அவ்வழியே போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுபடி கேட்டபோது பாதிப் பேர் மாறியிருந்தார்கள். எல்லோரும் மாறிவிடவில்லை. அடுத்த நாளும் அதையே எடுத்தோம்.

இவ்வளவு நல்லது கிடைக்கும் இடத்தின் மேல் எனக்கு என்ன மனக்குறை? பயிற்சியைப் பதவி உயர்வோடு கட்டிவிட்டோம். மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படியும் உதவிப் பேராசிரியர் அடுத்த நிலைக்குப் போக ஓரியண்டேஷன் முடித்திருக்க வேண்டும். ஆகவே ஸ்டாஃப் ரூமில் நாங்கள் கேட்டுக்கொள்வது, என்ன கற்றாய் என்று அல்ல. சர்டிஃபிகேட் வாங்கியாச்சா என்றுதான். திரும்பி வந்த ஆசிரியர் வகுப்பில் எதை மாற்றினார் என்று பார்க்க ஒருவரும் இல்லை. கோத்தாரி குழுவின் முதல் இரண்டு யோசனைகள், அவகாசம் கொடுப்பதும் நல்ல ஆசிரியரின் வகுப்பில் உட்காருவதும், பெரிய செலவில்லாதவை. கட்டடம் கேட்டதைக் கட்டினோம், இவற்றை விட்டுவிட்டோம்.

மூத்தவரோடு இருந்து தொழில் பழகுவது திருவனந்தபுரத்துக்குப் புதிதும் அல்ல. பாளையத்தில் இருக்கும் யூனிவர்சிட்டி காலேஜ் அன்று மகாராஜா கல்லூரி. தமிழ்த்தாய் வாழ்த்தாக நாம் பாடும் பாடல் இடம்பெற்ற ‘மனோன்மணீயம்’ நாடகத்தை எழுதிய சுந்தரம் பிள்ளை அங்கேதான் தத்துவப் பேராசிரியர். அங்கே தத்துவம் கற்பித்த ராபர்ட் ஹார்வியைத் தம் குருவாக மதித்தார். 1891இல் வெளிவந்த அந்த நாடகத்தை ஹார்விக்குத்தான் காணிக்கையாக்கினார். பேரூர்க்கடையில் தமக்குக் கிடைத்த இடத்துக்கு ஹார்விபுரம் என்று பெயர் வைத்தார். பேரூர்க்கடை பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வரும். ஒரு சான்றிதழுக்காக யாரும் தன் இடத்துக்கு அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள்.

இப்போது இதைப் பேச வேண்டிய அவசரமும் இருக்கிறது. 2024 ஜூலை 1ஆம் தேதி கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. வழுதக்காடு அரசு மகளிர் கல்லூரியில்தான் அதன் தொடக்க விழா. பாடத்திட்டத்தில் ஐந்தில் ஒரு பகுதியை ஆசிரியரே வகுத்துக்கொள்ளலாம் என்பது இதில் பெரிய மாற்றம். மாநில உயர்கல்வி மன்றமும் பல்கலைக்கழகங்களும் பயிலரங்குகள் நடத்தின. ஆனால் பல வருடமாக யாரோ எழுதிக்கொடுத்த சிலபஸை முடித்துக்கொடுத்தே பழகிய கைகள் எங்களுடையவை. எதை நடத்துவது என்று நாமே முடிவு செய்ய வேண்டுமானால், எதற்காக நடத்துகிறோம் என்று முதலில் நமக்குள் பேச வேண்டும். அந்தப் பேச்சு ஒரு நாள் பயிலரங்கில் முடிகிற பேச்சு அல்ல. ஒவ்வொரு துறையிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அதற்கென்று டைம்டேபிளில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இன்று முதலாண்டு வகுப்புகளில் நிற்பவர்களில் நிறையப் பேர் கெஸ்ட் லெக்சரர்கள். தமிழ்நாட்டில் கௌரவ விரிவுரையாளர்கள் என்பார்கள். அவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது. அதனால் பயிற்சிக்கு அனுப்ப வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை. வேலை பார்த்த அளவுக்கே சம்பளம் வாங்குபவர் சில வாரம் வகுப்பை விட்டுப் போனால் அந்த மாதம் வீட்டு வாடகைக்கு என்ன செய்வார்? பள்ளியில் மலையாளத்திலும் தமிழிலும் படித்துவிட்டு, திடீரென்று ஆங்கிலப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை இவர் முகத்தைத்தான் பார்க்கிறது.

கல்லூரி முதல்வர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் புதிதாக வந்தவர்களின் பட்டியலை எடுங்கள், கெஸ்ட் லெக்சரர்களையும் சேர்த்தே. முதல் பருவத்தில் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் இரண்டு மணி நேரம், சம்பளத்தைப் பிடிக்காமல், வகுப்பைக் குறையுங்கள். ஒரு மணி நேரம் அவர் இன்னொருவர் வகுப்பில் போய் உட்காரட்டும். இன்னொரு மணி நேரம், அவருடைய வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எழுதியவரோடு அந்தத் தாளைப் பற்றிப் பேசட்டும். அந்தத் தாள் அவர்கள் இருவருக்குள்ளேயே இருக்க வேண்டும். முதல்வரின் மேசைக்கு வரக்கூடாது. எங்கள் டீச்சர் என்னிடம் அந்தத் தாளைக் கொடுத்தபோது முதலில் சொன்னதும் அதுதான்: இது உனக்கு மட்டும்.