வெட்கத்தை விட்டுப் பேசுவோம்



பெண்ணுறுப்பில் ஏற்படும் பூஞ்சணத் தொற்றைப் பற்றிப் பேச வந்துள்ளோம். பாடசாலை மேடையில் இதைப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். ஒரு வாங்கிலில் நான்கு பெண்கள் இருந்தால், அவர்களுள் ஏறத்தாழ மூவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. ஆகவே பேசத்தான் வேண்டும்.

கடி, எரிவு, தயிர்க்கட்டி போன்ற வெள்ளைபடுதல் என்பன இதன் அறிகுறிகள். காரணம் கன்டிடா என்னும் மதுவம். சுகமாக இருக்கும் பெண்கள் பலரின் உடலிலும் இது சத்தமின்றி இருக்கிறது. அங்குள்ள நல்ல பற்றீரியாக்கள் அமிலத்தன்மையைப் பேணி இதனை அடக்கி வைக்கின்றன. அன்டிபயோட்டிக் மருந்து, கர்ப்பம், கட்டுப்படாத நீரிழிவு என்பவற்றால் அந்தச் சமநிலை குலையும்போது மதுவம் பெருகுகிறது. எனவே மகளையோ மருமகளையோ துப்புரவில்லாதவள் என்று ஏசாதிருப்போம். கணவன்மீதும் சந்தேகம் வேண்டாம்; வைத்தியர்கள் இதனைப் பாலியல் நோய்களோடு சேர்ப்பதில்லை.

ஈரமும் வெக்கையும் மதுவத்துக்குப் பிடித்தவை. ஆதலால் வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பருத்தி உள்ளாடை அணிவோம். வியர்வையில் நனைந்தால் உடனே மாற்றுவோம். பாவாடைக்கு அடியில் ஒளித்து உலர்த்தாமல், வெயில்படும் கொடியில் போடுவோம். குளிர்நாடுகளில் வாழும் தோழியர் 60 பாகைச் சுடுநீரில் துவைத்து, ஈரம் முற்றாகப் போகும்வரை உலர்த்தலாம். வீட்டில் ஆளுக்கொரு துவாய் இருக்கட்டும். மலசலகூடம் போனால் முன்னிருந்து பின்னாகக் கழுவச் சிறுமிகளைப் பழக்குவோம். சவர்க்காரமோ கிருமிநாசினி கலந்த நீரோ விட்டு உள்ளே கழுவ வேண்டாம். காவல் நிற்கும் பற்றீரியாக்களையே அது அழித்துவிடும்.

குளோட்ரிமசோல் போன்ற மருந்தால் பெரும்பாலும் சில நாட்களில் சுகம் கிடைக்கும். ஆனால் முதல் தடவை வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, ஓராண்டில் மூன்று தடவை வந்தாலோ, பாமசியில் தாமாகவே வாங்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அடிக்கடி வருமாயின் இரத்தத்தில் சீனியின் அளவையும் பாருங்கள். அதுவரை தெரியாதிருந்த நீரிழிவு இந்தக் கடியினால் பிடிபடுவதுண்டு. மாதவிடாய் நின்றபின் கடியோ இரத்தக்கசிவோ கண்டால், இதுவும் பூஞ்சணம்தான் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். வேறு காரணங்கள் இருக்கலாம்.

நம்மில் பலருக்கு இதையெல்லாம் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. அடுத்த முறை மகளோடோ பேத்தியோடோ தொலைபேசியில் கதைக்கும்போது, சாப்பாட்டை விசாரித்த பின் இதையும் ஒரு சொல் சொல்லிவையுங்கள்.