தொட்டில் அறைக்கு என்ன நிறம்?



புனே நகரின் மேற்கே வாகட், பாணேர், ஹிஞ்சவடி பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், பிறக்கவிருக்கும் குழந்தைக்கெனத் தனி அறை ஒதுக்கி அலங்கரிக்கும் வழக்கம் நடுத்தர வர்க்கக் குடும்பங்களிடையே வந்துவிட்டது. அவர்களில் சிலர், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, ஆணுக்கு நீலம் என்ற வாய்பாட்டை மறுக்கின்றனர். சுவருக்கு மஞ்சளோ வெளிர்பச்சையோ பூசுகின்றனர். பொம்மைக் கூடையில் காரும் இருக்கிறது, சமையல் செப்பும் இருக்கிறது. இதனை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது சரியன்று. கண் விழிக்கும் முன்பே குழந்தையின் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்துவைக்கும் வழக்கத்தை ஒரு தாயும் தந்தையும் கேள்விக்கு உட்படுத்துகிறார்கள் என்றால், அந்தக் கேள்வி உழைக்கும் மக்கள் இயக்கத்திற்கும் உரியதுதான்.

இந்த நிறப் பிரிவினை தொன்மையானதும் அல்ல. 1918இல் அமெரிக்காவின் குழந்தை உடை வணிக இதழ் ஒன்று, ஆண் குழந்தைக்கு இளஞ்சிவப்பும் பெண் குழந்தைக்கு நீலமுமே பொருத்தம் என்று எழுதியது. பிற்பாடு சந்தை அதனைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டது. எந்த நிறம் யாருக்கு என்பதில் முதலாளிக்கு அக்கறையில்லை. அண்ணனின் சட்டை தங்கைக்கு ஆகாமல் போனால் போதும், இரண்டாம் முறையும் விற்கலாம். தாயின் பழைய சேலையில் கட்டிய தூளிக்கு இந்தச் சிக்கல் ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் இந்தியாவில் இந்த அறைக்கு வேறொரு வரலாறு உண்டு. மேலை நாடுகளில் பெற்றோர் ஸ்கேன் மூலம் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிந்துகொள்கின்றனர். அறிந்த பின்னும் நிறப் பாகுபாட்டைத் தவிர்ப்பவர்கள் அதனை ஒரு கொள்கையாகவே செய்கின்றனர். இங்கோ, அறிவதே குற்றம். கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தை நாட்டிலேயே முதலாவதாக 1988இல் மகாராஷ்டிரம் இயற்றியது. பெண்கள் இயக்கங்களும் மக்கள் நல மருத்துவர்களும் நடத்திய போராட்டத்தின் விளைவு அது. நாடாளுமன்றம் 1994இல் அதனை நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது. ஆகவே குழந்தை பிறப்பதற்கு முன் இங்கே அலங்கரிக்கப்படும் ஒவ்வோர் அறையும் சட்டப்படி பாலினம் சாராத அறைதான். அறிந்தால் அழித்துவிடுவார்கள் என்ற அச்சமே அந்த நடுநிலையைச் சுவரில் பூசியிருக்கிறது.

அச்சம் பொய்யானதா? ஆறு வயதுக்கு உட்பட்டோரில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு மகாராஷ்டிரத்தில் 2001இல் 913 பெண் குழந்தைகள் இருந்தனர். 2011 கணக்கெடுப்பில் 894 பேர்தான். வருமானமும் படிப்பும் ஸ்கேன் கருவியும் பெருகிய பத்தாண்டு அது. அதே 2011 அக்டோபரில், புனேயை அடுத்த சாத்தாராவில் 285 சிறுமிகளுக்குப் புதுப்பெயர் சூட்டும் விழா நடந்தது. அதுவரை அவர்களுடைய பெயர் 'நகூசா' அல்லது 'நகுஷி'. மராத்தியில் 'வேண்டாதவள்' என்று பொருள். தமிழர்கள் இதைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை. 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்ற பெயர்களோடு பள்ளி வருகைப் பதிவேட்டில் இடம்பெற்ற பெண்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. 1992இல் சேலத்தில் அரசே தொட்டில் வைத்து, கொல்லாதீர்கள், இங்கே போடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது.

அந்தச் சாத்தாரா மாவட்டத்து நாய்காவ் கிராமத்தில்தான் 1831இல் சாவித்திரிபாய் பூலே பிறந்தார். 1848இல் அவரும் ஜோதிராவும் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்ததை அனைவரும் அறிவர். 1863இல் அவர்கள் செய்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பார்ப்பனக் குடும்பங்களில் சிறுவயதிலேயே கைம்பெண்ணாகி, தலை மழிக்கப்பட்டு, வீட்டு ஆண்களாலேயே சீரழிக்கப்பட்டுக் கருவுற்ற பெண்களுக்கு அன்று இரண்டே வழிகள் இருந்தன: கிணறு, அல்லது பிறந்த சிசுவின் கழுத்து. பிடிபட்டால் அந்தமான். குற்றம் புரிந்த ஆணின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. பூலே தம்பதியர் கஞ்ச் பேட்டில் தம் வீட்டிலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லத்தைத் தொடங்கினர். வருகின்ற பெண் அங்கே மறைவாகப் பிள்ளை பெறலாம். குழந்தையை எடுத்துச் செல்லலாம், விட்டும் செல்லலாம். ஆணா பெண்ணா, தகப்பன் யார் என்று வாசலில் எவரும் கேட்கவில்லை. 1884 இறுதியில் பூலே எழுதியபடி, அதுவரை 35 பெண்கள் அங்கு வந்திருந்தனர். 1874இல் அவ்வாறு வந்த காசிபாயின் மகனையே இருவரும் யஷ்வந்த் எனப் பெயரிட்டுத் தத்தெடுத்தனர். அவர் மருத்துவரானார். மாலி சாதியில் பிறந்த பூலேயின் வீட்டில் பார்ப்பனக் கைம்பெண்களின் குழந்தைகள் வளர்ந்தன என்பதை மேல்சாதிப் புனே எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

அந்த வீட்டுச் சுவரில் என்ன வண்ணம் இருந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்றைய சட்டம் அந்த வாசலைவிடக் குறுகியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 30க்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் இருந்தால் மட்டுமே குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 50க்கு மேற்பட்ட பெண்கள் என்றது. 29 பெண்களோடு எண்ணிக்கையை நிறுத்திக்கொண்ட ஆலைக்குக் கடமையே இல்லை. ஆயிரம் ஆண்கள் வேலை செய்தாலும் அவர்களுக்குக் குழந்தையே பிறக்காது என்பது சட்டத்தின் கணக்கு! 2017இல் மகப்பேறு உதவிச் சட்டத் திருத்தம் வந்தபோது கணக்கு மாறியது: ஆண் பெண் சேர்த்து 50 ஊழியர் இருந்தால் காப்பகம் கட்டாயம். இது முன்னேற்றமே, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கும் உரிமையை அதே சட்டம் 'பெண்'ணுக்கு மட்டும் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்தியுள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே சொல்லை அப்படியே வைத்திருக்கிறது. தாய்க்கு 26 வாரம் விடுப்பு. ஒன்றிய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள். தனியார் துறைத் தந்தைக்குச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. மஞ்சள் பூசிய அறையிலும் இரவில் எழுந்து துணி மாற்றுபவர் யார் என்பதை இந்தச் சட்டம்தான் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. பெண்ணை வேலைக்கு எடுத்தால் செலவு என்று நிர்வாகங்கள் கணக்குப் போடுவதற்கும் இதுவே இடம் கொடுக்கிறது.

1919இல் லெனின் 'மாபெரும் தொடக்கம்' கட்டுரையில் குழந்தைக் காப்பகங்களையும் பொதுச் சமையற்கூடங்களையும் கம்யூனிசத்தின் இளந்தளிர்களாகக் கண்டார். இங்கே அந்தத் தளிருக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அங்கன்வாடி ஊழியர்கள். 1975இல் திட்டம் தொடங்கியது முதல் அவர்களுக்குக் கிடைப்பது ஊதியம் அன்று, மதிப்பூதியம். 2022இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்த பின்னும், அரசு அவர்களைத் தொழிலாளர் என்று அழைக்கத் தயங்குகிறது.

மஞ்சள் அறையைப் பெருக்கித் துடைக்க வரும் பெண்ணின் குழந்தை எங்கே இருக்கிறது? வீட்டுவேலைத் தொழிலாளிக்கு 50 பேர் என்ற கணக்கே பொருந்தாது. பக்கத்து மனையில் எழும் அடுத்த கட்டடத்தில், கம்பிகளுக்கிடையே சேலைத் தூளி தொங்குகிறது. உள் ஒப்பந்தங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 40 பேர் என்று கணக்குக் காட்ட ஒப்பந்ததாரருக்கு வழி தெரியும். எனவே சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் மூன்று வரிகள் ஏற வேண்டும். சட்டத்தில் 'பெண்' என்றுள்ள இடத்தில் 'பெற்றோர்' என வேண்டும். ஆள் எண்ணிக்கையை ஒப்பந்தம் ஒப்பந்தமாக எண்ணாமல் பணியிடம் முழுவதற்குமாக எண்ண வேண்டும். 50 பேர் இல்லாத இடங்களின் குழந்தைகளுக்கு அங்கன்வாடிகளை, வேலை நேரம் முழுவதும் இயங்கும் காப்பகங்களாக, ஊழியருக்கு முழு ஊதியத்துடன் அரசு நடத்த வேண்டும். அந்தக் கட்டுமான மனையில் தாயும் தந்தையும் காலை எட்டு மணிக்கு வேலைக்கு ஏறிவிடுகின்றனர்; தூளியை ஆட்டிக்கொண்டிருப்பவள் ஏழு வயது அக்காள்.