சூப்பர்சார்ஜரும் உத்தரவாதமும்

பெங்களூரில் தண்டு என்று நம்மவர்கள் இன்றும் வழங்கும் பகுதியில், ப்ரேசர் டவுனை அடுத்து அமைந்தது ரிச்சர்ட்ஸ் டவுன். நடுவே ஒரு பூங்கா. அதைச் சுற்றிலும் மரநிழல் தோய்ந்த வீதிகள். பழைய ஓட்டு வீடுகள் சில, அவற்றை இடித்தெழுந்த மாடிக் குடியிருப்புகள் பல. மாலை வேளையில் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் அப்பூங்காவை ஒரு முறை சுற்றி வருதல் அரிது. நாம் குடியிருப்பது அதற்குச் சற்றுத் தள்ளிய ஒரு தெருவில். எதிர் வீட்டுப் பெரியவர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் எஞ்சின் பகுதியில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கிறான். எட்டு மாதங்களுக்கு முன் அவன் வெளிநாட்டு மோட்டார் வண்டி ஒன்றை வாங்கினான். எட்டு ஸிலிண்டர் கொண்ட விசை மிகுந்த வண்டி. விலையில் மூன்றில் ஒரு பங்கு பெரியவரின் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து சென்றது. வண்டிக்கு மூன்றாண்டு உத்தரவாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரியவர் இரண்டு ஆங்கிலப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுப் படியேறினார்.

"தம்பி, நீங்கள் சர்க்கார் மொழிபெயர்ப்பாளர். இவ்விரண்டையும் தமிழில் சொல்லுங்கள். பையன் இந்த வண்டிக்கு மேலே ஒரு சூப்பர்சார்ஜர் வைக்கப்போகிறானாம். கம்பெனியின் பொறுப்பு என்ன ஆகும் என்று கேட்டால், ஒன்றும் ஆகாது என்கிறான்."

ஒரு புத்தகம் வண்டியின் உத்தரவாத ஏடு. மற்றது அமெரிக்காவிலிருந்து அவன் தருவிக்க எண்ணிய கருவியின் ஏடு. கருவியின் விலையோடு சுங்கவரியும் பொருத்தும் கூலியும் சேர்ந்தால் ஒரு சிறிய புதுக் காரின் விலைக்கு வரும்.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டும் விசைக்கருவி. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும்; ஸிலிண்டருக்குள் மிகுதியான காற்று சென்றால் மிகுதியான பெட்ரோலும் எரியும், விசையும் கூடும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860ஆம் ஆண்டிலேயே ஒரு காற்றூதும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிச் செலுத்தும் யோசனைக்கு ஜெர்மானியரான காட்லீப் டைம்லர் 1885இல் உரிமை பெற்றார். 1921இல் பெர்லின் கண்காட்சியில் மெர்ஸிடிஸ் வண்டிகள் இக்கருவியுடன் காட்சிக்கு வந்தன. பின்னர் ஆகாய விமானங்கள் இதனால் பெரும்பயன் பெற்றன. உயரம் செல்லச் செல்லக் காற்று மெலிந்துபோவதால் அங்கே எஞ்சின் மூச்சுத் திணறும் அல்லவா?

பெங்களூரும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பது. இங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. தானே மூச்சிழுக்கும் எஞ்சின் தன் விசையில் அந்த அளவை இழக்கிறது. பையன் இதை நன்றாக அறிந்திருந்தான். "சார், இந்த ஊர் என்னிடமிருந்து பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. நான் அதைத் திரும்பப் பெறுகிறேன், அவ்வளவுதான்" என்றான். வாதம் அழகாகவே இருந்தது. ஆனால் அவன் திரும்பப் பெற நினைத்தது பத்தில் ஒன்றன்று, பத்தில் நான்கு.

நம் நாட்டில் இன்று விற்கும் விசைமிகு கார்களில் பெரும்பாலானவை டர்போ என்னும் கருவியுடன் வருகின்றன. அது புகை வெளியேறும் வேகத்தால் சுழல்வது. சூப்பர்சார்ஜரோ எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து ஒரு பெல்ட்டினால் சுழல்வது. ஆகையால் காலை மிதித்த கணமே விசை வரும். ஆனால் தான் சுழல்வதற்கே எஞ்சினின் விசையில் ஒரு பகுதியைத் தின்னும். அப்பெல்ட்டின் இழுப்பு முழுவதையும் சுழல்தண்டின் முன்முனையும் அதன் பேரிங்கும் தாங்க வேண்டும். கம்பெனி அவற்றைச் செய்தபோது இந்தச் சுமையை எண்ணிச் செய்யவில்லை.

அதைவிடப் பெரிய சங்கதி வெப்பம். இதை நமக்கு விளக்கியவர் பெரியவர்தாம். ஜெட் எஞ்சினின் கம்ப்ரெஸரோடு பழகிய கை அது.

"தம்பி, காற்றை நெருக்கினால் அது சும்மா இராது, சூடேறும். சூடேறிய காற்றுக்குள் பெட்ரோலை விட்டு மறுபடியும் பிஸ்டன் நெருக்கும். அப்போது தீப்பொறி வருமுன் தானே வெடிக்கும்."

அவர் சொன்னதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். 30 டிகிரி வெப்பமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், இழப்பே இல்லாத கருவியிலும் அது 67 டிகிரியை எட்டும். நடைமுறைக் கருவியில் 80, 90 டிகிரிக்குப் போகும். அதனால்தான் நல்ல கருவிகளில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அதற்கெனத் தனித் தண்ணீர்ச் சுற்றும் இருக்கின்றன. பெங்களூர்ப் போக்குவரத்து நெரிசலில் வண்டி அரைமணி நேரம் நின்றபடியே உறுமிக்கொண்டிருக்கும்போது அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிரும் என்பது வேறு கேள்வி.

கம்பெனிகள் தாமே சூப்பர்சார்ஜர் வைக்கும்போது என்ன செய்கின்றன என்று பார்த்தால் உண்மை விளங்கும். போர்டு கம்பெனியின் மஸ்டாங் வண்டியில், 2018ஆம் ஆண்டின் 5 லிட்டர் எஞ்சின் காற்றுக் கலவையைப் பன்னிரண்டில் ஒரு பங்காக நெருக்கும். அதே கம்பெனி 2020இல் சூப்பர்சார்ஜருடன் வெளியிட்ட ஷெல்பி ஜி.டி. 500 வண்டியின் 5.2 லிட்டர் எஞ்சினில் அந்த நெருக்கத்தை ஒன்பதரையாகக் குறைத்துவிட்டார்கள். எஞ்சினின் உட்பாகங்களையும் அதற்கேற்ப வலுப்படுத்தினார்கள். வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் கருவியோ பழைய எஞ்சினின் உள்ளே கைவைப்பதில்லை. மேலே உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டர் கணக்கை மட்டும் மாற்றிவிடும். குறைந்த அழுத்தத்தோடு நிறுத்திக்கொண்டால் இவை பல்லாண்டு ஓடுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று.

இனி நம் தொழிலைச் சேர்ந்த ஒரு கண்ணி. கருவியின் ஏட்டில் 93 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுக என்று இருந்தது. "இங்கே 95 கிடைக்கிறதே, இன்னும் மேலானது" என்று பையன் மகிழ்ந்தான். எண்ணை மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்று நாமும் எண்ணியிருப்போம். ஆனால் அமெரிக்கப் பம்புகளில் காணும் எண் இருவகைச் சோதனைகளின் சராசரி. நம் நாட்டில் எழுதுவதோ அவ்விரண்டில் பெரிய எண். அங்கே 93 என்பது இங்கே ஏறக்குறைய 98. நம் 95 அவர்களுடைய கணக்கில் 91ஐ ஒட்டி நிற்கும். 2020 முதல் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலைச் சில பம்புகளில் விற்கிறது. ஆனால் பெங்களூரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் அது எங்கெங்கே கிடைக்கும் என்று பையனைக் கேட்டோம். அவன் பேசவில்லை.

உத்தரவாதத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் வாரண்டி என்னும் சொல்லைத் தமிழில் உத்தரவாதம் என்கிறோம். பெரிய சொல், கேட்டவுடன் நெஞ்சு நிறைகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அதை அவ்வளவு பெரிதாகக் கருதவில்லை. விற்பனையில் அடிப்படையான நிபந்தனை மீறப்பட்டால் வாங்கியவர் பேரத்தையே மறுக்கலாம். வாரண்டி மீறப்பட்டால் நஷ்டஈடு மட்டுமே கேட்கலாம் என்று அதன் 12ஆம் பிரிவு வேறுபடுத்துகிறது. ஆகவே இது இன்னதற்கு, இவ்வளவு காலம், இவ்விதம் பயன்படுத்தினால் என்று வரம்பு கட்டிய ஒரு வாக்குறுதியே ஆகும்.

வண்டியின் ஏட்டைப் பெரியவருக்குப் படித்துச் சொன்னோம். சூப்பர்சார்ஜர் என்ற சொல்லே அதில் இல்லை. கம்பெனியின் அனுமதியின்றிச் செய்த மாற்றத்தால் விளையும் பழுதுக்குக் கம்பெனி பொறுப்பன்று என்றுதான் இருந்தது. பையன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. சூப்பர்சார்ஜர் வைத்த காரணத்தால் கண்ணாடியை ஏற்றியிறக்கும் மோட்டாரின் உத்தரவாதம் போய்விடாது. மற்றப் பாதி எங்கே என்றால், விசை செல்லும் வழி நெடுகிலும். எஞ்சின், கிளட்ச், கியர்ப்பெட்டி, பின் அச்சு என அந்த வழியில் எது முறிந்தாலும் மாற்றத்தால் முறிந்தது என்ற பேச்சு எழும்.

அமெரிக்காவில் இப்பேச்சுக்கு ஒரு சட்டம் உண்டு. 1975இல் இயற்றிய மாக்னஸன்-மாஸ் சட்டம். வேறொருவர் செய்த பாகத்தைப் பூட்டினாய் என்பதற்காகவே உத்தரவாதத்தை மறுத்தல் ஆகாது. அந்தப் பாகத்தால்தான் பழுது நேர்ந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். பையன் கணினியில் படித்து நம்பியிருந்தது இதைத்தான். இதற்கு இணையான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. இங்கே ஏட்டில் எழுதியதே ஒப்பந்தம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர்மேல் பொருட்பொறுப்பு வழக்குத் தொடர முடியாதென்று 87ஆம் பிரிவில் கூறுகிறது. கருவியைக் கழற்றிவிட்டுப் பழுதுபார்க்கக் கொண்டுபோகலாமே என்றால், வண்டியின் கம்ப்யூட்டரில் கணக்கு மாற்றி எழுதப்பட்ட தடம் பலவற்றில் தங்கிவிடுகிறது.

கருவியின் ஏடு இன்னும் சுவையானது. "இதற்கும் ஓராண்டு உத்தரவாதம் உண்டு" என்று பையன் கூறியிருந்தான். உண்டு, கருவிக்கு. கருவியில் உற்பத்திக் குறை இருந்தால் கருவியை மாற்றித் தருவார்கள். அதனால் எஞ்சின் கெட்டால்? தொடர்விளைவாக நேரும் நஷ்டம் சேராது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. கார்க் கம்பெனி கருவியைக் காட்டும். கருவிக் கம்பெனி எஞ்சினைக் காட்டும். இடையில் நிற்பவர் பெரியவர்.

இந்த இடைவெளியை அடைத்த ஏற்பாடும் உலகில் உண்டு. அமெரிக்காவில் போர்டு கம்பெனியின் பந்தயப் பிரிவு விற்கும் சூப்பர்சார்ஜரை அக்கம்பெனியின் விற்பனை நிலையத்திலோ சான்று பெற்ற மெக்கானிக்கிடமோ பொருத்தினால், மூன்றாண்டு அல்லது 36,000 மைல் வரை உறுதி தருகிறார்கள். யார் பொருத்தினார் என்பதைப் பற்றி நிற்கும் உறுதி அது. பெட்டியைக் கப்பலேற்றி, பெங்களூர்ப் பட்டறையில் பூட்டிக்கொள்பவருக்கு அது வாராது.

இத்தனைக்கும் மேலே மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. நாம் வக்கீல் அல்லோம். எழுதியிருப்பதைப் படிப்பவர் மட்டுமே. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் உற்பத்தியாளர் முதலில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாதென்கிறது. வேறு எரிபொருளுக்கு மாற்றும் அங்கீகாரம் பெற்ற கருவிகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2019 ஜனவரி 9ஆம் தேதி, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இப்பிரிவை இறுக்கமாகவே பொருள் கொண்டது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் விபத்துக்குப் பிறகு வெளிப்பட்டால் ஈட்டுத்தொகை கேட்பதும் தகராறாகும்.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உத்தியோகம் மாறி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால், 47ஆம் பிரிவின்படி அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். சொந்த ஊரில் யாரும் திறந்து பாராத எஞ்சின் மூடியை, அறியாத ஊரில், அறியாத பாஷையில் பேசும் அதிகாரி திறந்து பார்க்கக்கூடும்.

இவ்வளவையும் நாம் சொல்லி முடிக்க மத்தியானமாகிவிட்டது. பெரியவர் கருவியின் ஏட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "எங்கள் ஷாப்பில் ஒரு நட்டை முறுக்கினாலும் முறுக்கியவன் கையெழுத்துப் போடுவான், அதைச் சோதித்தவன் ஒரு கையெழுத்துப் போடுவான். இதில் எஞ்சினுக்கு யார் கையெழுத்து?" என்று மகனைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

பையன் புத்திசாலி. அன்றிரவே கருவி விற்பவருக்குக் கடிதம் எழுதினான். ஆங்கிலத்தை நாம் சற்றுச் செப்பனிட்டோம். எஞ்சின் கெட்டால் எழுத்து மூலம் பொறுப்பேற்பவர் யார், நம் ஊர்ப் பெட்ரோலின் அளவுக்குக் கம்ப்யூட்டர் கணக்கைத் திருத்தித் தருவார்களா, இந்திய அங்கீகாரச் சான்று ஏதேனும் உண்டா, பொருத்துபவர் தவறினால் யாரைக் கேட்பது என்பவை கேள்விகள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பெட்ரோல் பற்றிய கேள்விக்கு விவரமாக, மரியாதையாக விடை எழுதியிருந்தார்கள். மற்ற மூன்றையும் தொடவில்லை. உத்தரவாதக் காலம் முடிய இன்னும் இரண்டாண்டுக்கு மேல் இருக்கிறது. வண்டி கம்பெனி தந்த எஞ்சினோடு எதிர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. ஞாயிறு காலைகளில் தந்தையும் மகனும் சேர்ந்து அதைக் கழுவுகிறார்கள்.