கடலுக்கும் கழனிக்கும் நடுவே

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம். – செய்திமடல் குழு)



போன வாரம் செயலாளர் சார் வாட்ஸ்அப் குழுவில், "ஞாயிறு மாலை லிங்க்ஸ் பற்றிய பேச்சு" என்று போட்டார். உடனே மூன்று பேர், "லிங்க் ஓப்பன் ஆகவில்லை, திரும்ப அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் மூவரும் இங்கே வந்திருக்கிறார்கள். நன்றி. நான் பேசப்போகும் லிங்க்ஸ் ஒருவகை நிலம். கோல்ஃப் பிறந்த நிலம். நம் வளாகத்தின் பின்பக்கம் இருக்கிற காலி மண் தரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நான் கிண்டிப் பையன். அப்பா தொழிற்பேட்டையில் வேலை பார்த்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் பள்ளி விடுமுறை என்றால் நான் ரேஸ் கோர்ஸுக்குள்தான் இருப்பேன். குதிரை ஓடும் பாதை வெளிவட்டம். அதன் நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். ஃபைவ் பர்லாங் ரோடு என்ற பெயரே அந்தக் குதிரைப் பந்தயக் கணக்கில் வந்ததுதானே. அங்கே நான் கேடி. பெரிய மனிதர்களின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது, பந்து எங்கே விழுகிறது என்று கண் வைப்பது, இதுதான் வேலை.

எங்களுக்கெல்லாம் மூத்த கேடி ஒருவர் இருந்தார். அண்ணே என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நாலு புல்லைக் கிள்ளி மேலே தூவுவார். அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எந்த மட்டை என்று சொல்வார். "முதல்ல காத்தைப் பாரு தம்பி, அப்புறம் கொடியைப் பாரு" என்பார். மே மாதத்தில் கடல் காற்று உள்ளே வரும் நேரம் அவருக்கு அத்துப்படி. அந்தக் காற்றில் எல்லாருடைய பந்தும் ஒரே பக்கம் ஒதுங்கும். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

அதற்கப்புறம் நாற்பது வருடம் நான் கோல்ஃபைத் தொடவில்லை. வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். ஓய்வு பெற்ற பிறகு மகள் வீட்டுக்குப் போனேன். அவள் இருப்பது ஸ்காட்லாந்தில், டண்டீ என்ற ஊரில். அங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ். "அப்பா, உங்க விளையாட்டோட சொந்த ஊர்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் பார்வையில் எனக்கு ஏமாற்றம். டிவியில் பார்க்கிற கோல்ஃப் மைதானம் என்றால் பச்சைக் கம்பளம், குளம், வரிசையாக மரம். இங்கே மரமே இல்லை. மேடும் பள்ளமுமாக மணல் திட்டுகள், அதன்மேல் பழுப்பேறிய மெல்லிய புல், முட்புதர், அந்தப் பக்கம் கடல். "இதுவா?" என்று கேட்டேன். "இதுதான்" என்றாள்.

லிங்க்ஸ் என்றால் இதுதான். கடற்கரை மணலுக்கும் உழுகிற வயலுக்கும் நடுவே கிடக்கும் நிலம். மேடு, கரை என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணலைக் காற்று குவித்து வைத்தது. அதில் பயிர் வராது. ஆடு மேய்க்கலாம், முயல் பிடிக்கலாம், அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மேய்ச்சல் புறம்போக்கு. திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். நிறம்தான் வேறு, அது சிவப்பு.

எதற்கும் உதவாத நிலம் என்பதால்தான் ஊர்க்காரர்கள் அதில் விளையாடினார்கள். மைதானத்தை யாரும் வரைபடம் போட்டு அமைக்கவில்லை. ஆடு மேய்ந்த இடம் ஃபேர்வே. காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துப் பள்ளமான இடம் பங்கர் என்று சொல்வார்கள். பதினெட்டுக் குழி என்ற கணக்குகூட இங்கே வந்ததுதான். அதற்கு முன் ஒரு சுற்றுக்கு 22 குழி ஆடினார்கள். 1764இல் சிலவற்றைச் சேர்த்து 18 ஆக்கினார்கள். உலகம் அதையே பிடித்துக்கொண்டது.

இன்று உலகத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல் கோல்ஃப் மைதானங்கள் உண்டு. உண்மையான லிங்க்ஸ் என்று ஒத்துக்கொள்ளப்படுபவை சுமார் 250தான். பெயரில் மட்டும் லிங்க்ஸ் இருப்பவை நிறைய. கொழும்பின் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் மைதானத்துக்கு ரிட்ஜ்வே லிங்க்ஸ் என்று பெயர். அழகான இடம், நடுவிலே ரயில் பாதையே போகிறது. ஆனால் அது மணல்மேட்டு நிலம் இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவை மலை மைதானங்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை மணல்தான். மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, நேரே கீழே இறங்கிவிடும். அதனால் தரை எப்போதும் இறுகி இருக்கும். இறுகிய தரையில் பந்து விழுந்தால் நிற்காது, ஓடும். எங்கே ஓடும் என்பதைத் தரையின் மேடு பள்ளம் முடிவு செய்யும். மரம் இல்லாததால் காற்றுக்குத் தடையும் இல்லை. மற்ற மைதானங்களில் ஆட்டம் வானத்தில் நடக்கும். இங்கே பாதி ஆட்டம் தரையில்.

நானும் ஆடிப் பார்த்தேன். புகழ்பெற்ற ஓல்ட் கோர்ஸில் ஆட வேண்டுமென்றால் ஹேண்டிகேப் சான்று வேண்டும், குலுக்கலில் பெயர் வர வேண்டும். ஆனால் பக்கத்திலேயே பால்கோவ் என்று ஒன்பது குழி மைதானம் இருக்கிறது. குழந்தைகளும் என்னைப் போன்றவர்களும் ஆடலாம். ஏழாம் நம்பர் ஐயனை எடுத்தேன். கிண்டியில் பெரிய மனிதர்கள் அடித்ததை மனதில் வைத்துக்கொண்டு உயரத் தூக்கி அடித்தேன். பந்து மேலே போனது, காற்றில் ஒரு நிமிடம் யோசித்தது, பிறகு பக்கத்தில் இருந்த புதருக்குள் போய்விட்டது. அடுத்த பந்தும் அதே புதர்.

பின்னால் காத்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், எண்பது வயது இருக்கும், அருகில் வந்தார். காற்றோடு சண்டை போடாதே, தரையோடு உருட்டிவிடு என்றார். நாற்பது கஜத்துக்கு அப்பால் இருந்து பட்டரை எடுக்கச் சொன்னார். கோயில் பட்டர் இல்லை. குழிக்குப் பக்கத்தில் மெல்லத் தட்ட உபயோகிக்கும் மட்டை. தட்டினேன். பந்து ஒரு மேட்டில் ஏறி, வளைந்து, இறங்கி, குழிக்கு ஆறடியில் வந்து நின்றது. எனக்குக் கிண்டி அண்ணே ஞாபகம் வந்துவிட்டார். கடல் தாண்டி வந்து அதே பாடத்தைத் திரும்பப் படித்தேன்.

இந்தத் தரை யாரையும் விட்டுவைக்காது. 1995 ஓப்பன் போட்டியில் ஓல்ட் கோர்ஸின் 14ஆவது குழியில், நரகம் என்றே பெயர் வைத்திருக்கும் பங்கரில் ஜாக் நிக்லஸ் மாட்டினார். பந்தை வெளியே எடுக்கவே நாலு அடி ஆனது; அந்த ஒரு குழிக்கு மொத்தம் 10.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2009இல் டர்ன்பெரியில் டாம் வாட்சனுக்கு வயது 59. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடைசிக் குழிக்கு வரும்போது அவர்தான் முதலிடம். சரியாகவே அடித்தார், பந்து கிரீனில் விழுந்தது. விழுந்து, நிற்காமல் ஓடி, பின்னால் இறங்கிவிட்டது. ஒரு அடி கூடியது, பிளே-ஆஃபில் ஸ்டீவர்ட் சிங்க்கிடம் தோற்றார். நல்ல அடிக்கும் கெட்ட பலன் வரலாம். லிங்க்ஸ் ஆடுகிறவர்கள் இதை ஏற்றுக்கொண்டுதான் ஆடுகிறார்கள்.

நம்மவர்களும் அங்கே சோபித்திருக்கிறார்கள். 2012இல் ஜீவ் மில்கா சிங் காஸில் ஸ்டூவர்ட் என்ற கடலோர லிங்க்ஸில் ஸ்காட்டிஷ் ஓப்பனை வென்றார். 2023இல் ராயல் லிவர்பூலில் நடந்த ஓப்பனில் சுபாங்கர் சர்மா எட்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் போனது ஒரு சனிக்கிழமை. மறுநாளும் தங்கினோம். ஞாயிறு காலை ஓல்ட் கோர்ஸுக்குப் போனால் ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரும் இல்லை. ஊரே அங்கே இருக்கிறது! நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன, தாத்தா பாட்டிகள் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். பெரிய போட்டி நாட்கள் தவிர ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. அது ஊரின் பூங்கா. மற்ற நாளிலும் முதல் குழிக்கும் பதினெட்டாவது குழிக்கும் குறுக்கே ஒரு பொதுப் பாதை போகிறது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா கடந்தால், எந்தச் சாம்பியனாக இருந்தாலும் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

காரணம், அந்த நிலம் ஊர்ச் சொத்து. மக்கள் அங்கே கோல்ஃபும் கால்பந்தும் விளையாடும் உரிமையை 1552லேயே பேராயர் ஹாமில்டன் எழுத்தில் உறுதி செய்தார். ஆனால் 1797இல் நகர மன்றம் கடனில் மூழ்கி நிலத்தைக் கைவிட்டது. முயல் வளர்க்கும் வியாபாரிகள் கைக்குப் போனது. ஆட்ட இடமெல்லாம் முயல் வளை. வழக்கும் தகராறுமாக இருபது வருடத்துக்கு மேல் போனது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலச்சுவான்தார் வாங்கி அதைக் காப்பாற்றினார். 1894இல் நகரமே நாடாளுமன்றச் சட்டம் மூலம் திரும்ப வாங்கிக்கொண்டது. கைவிட ஒரு தீர்மானம் போதுமாக இருந்தது. திரும்பப் பெற சுமார் நூறு வருடம் ஆனது.

நம் கிண்டிக் கதை உங்களுக்குத் தெரியும். ரேஸ் கிளப் வசம் இருந்த 160 ஏக்கர் 86 சென்ட் நிலத்தின் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. நான் பை தூக்கிய இடமும் அதற்குள்தான். வழக்குக்குள் நான் போகவில்லை. அதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். அங்கே குளங்கள் வெட்டியிருக்கிறார்கள், பசுமைப் பூங்கா வருகிறது என்கிறார்கள். ஐப்பசியில் அந்தப் பள்ளங்களில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கும், ஆட்டம் நின்றுபோகும், எங்களுக்கு அன்று காசு கிடைக்காது. திட்டியிருக்கிறோம். அங்கே நின்ற தண்ணீர் வேளச்சேரிப் பக்கம் யார் வீட்டுக்குள்ளும் போகாத தண்ணீர் என்பது அப்போது தெரியவில்லை. 2015 டிசம்பரில் நம் லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கி, சம்ப்பில் சாக்கடை கலந்தபோதுதான் தெரிந்தது.

இனி நம் பின்பக்கத் தரை. அடுத்த பொதுக்குழுவில், அதை முழுக்கப் பேவர் பிளாக் போட்டு பார்க்கிங் ஆக்குவது பற்றி ஓட்டெடுப்பு. அளந்தேன்: அறுபதுக்கு நாற்பது அடி. சரியாக ஒரு கிரவுண்ட், அதாவது 223 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். நூறு மில்லிமீட்டர் பெய்தால் அந்தத் தரைமேல் மட்டும் 22,300 லிட்டர் விழுகிறது. கோடையில் 12,000 லிட்டர் லாரிக்கு வரிசையில் நிற்கிறோமே, கிட்டத்தட்ட இரண்டு லாரி. நம் மண் செயின்ட் ஆண்ட்ரூஸ் மணல் இல்லை, பெசன்ட் நகர் மணலும் இல்லை. எல்லாம் உள்ளே போகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூடிவிட்டால் கொஞ்சமும் போகாது. வழிந்து எங்கே வரும்? லிஃப்ட் குழிக்கு வழி அதற்குத் தெரியும்.

எனக்கும் கார் இருக்கிறது. அதுவும் தெருவில்தான் நிற்கிறது. அதனால் பார்க்கிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரோரம் ஒரு வரிசைக்கு மட்டும், நடுவே புல் முளைக்கிற ஓட்டைக் கற்கள் போடலாம். மீதியை மண்ணாகவே விட்டு, இரண்டு உறை கிணறு இறக்கலாம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். நம் குழாய்களில் பாதி அடைத்துக் கிடக்கின்றன, அதையும் சேர்த்துச் சரிசெய்யலாம்.

அந்தத் தரையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று நாளைக் காலை பால்கனியிலிருந்து பாருங்கள். ஏ பிளாக் மாமி வடாம் காய வைக்கிறார். சாயங்காலம் பையன்கள் கிரிக்கெட். செக்யூரிட்டி தம்பி துணி உலர்த்துகிறார். ‘சும்மா கிடக்கிற இடம்’ என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம். அந்த வார்த்தையை மட்டுமாவது மாற்றிவிட்டு ஓட்டுப் போடுவோம்.

மட்டையும் இரண்டு பந்தும் கொண்டுவந்திருக்கிறேன். பிள்ளைகள் யாருக்காவது ஆசை இருந்தால் வாருங்கள், பின்பக்கம் போய் உருட்டிப் பார்க்கலாம். பால்கனிக் கண்ணாடிக்கு நான் பொறுப்பு.