தாய்மையும் குளிர்க்காய்ச்சலும்

(மணவூரில் நடைபெற்ற சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். நான் காய்ச்சலைப் பற்றிப் பேச விழைகிறேன்; பொறுத்தருள்க.

என்னிடம் எட்டாம் வகுப்பு வரை பயின்ற பெண்ணொருத்தி, கணவனுடன் சென்னைக்குக் கட்டட வேலைக்குச் சென்றாள். அங்கே அவனுக்கு விவாக்ஸ் மலேரியா கண்டது. 3 நாள் குளோரோகுயினும் 14 நாள் பிரைமாகுயினும் கொடுத்தனர். காய்ச்சல் நின்றதும் எஞ்சிய மாத்திரைகளை மடித்து வைத்துக்கொண்டான். (அதுவே முதற் பிழை.) ஊர் திரும்பியபின் அவளுக்கும் நடுக்கம் வந்தது. அப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பிணி. அதே காய்ச்சல், அதே மருந்து என்று அம்மாத்திரையை விழுங்க இருந்தாள். தற்செயலாக அங்குச் சென்ற நான் அட்டையிலிருந்த பெயரைப் படித்தேன், ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததாலேயே அவளையும் அட்டையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன்.

செவிலியர் அம்மையார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். பிரைமாகுயின் கல்லீரலில் பதுங்கிய கிருமியை அழிப்பது. ஆயினும் கருவிலுள்ள சிசுவின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடுமாதலால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. குளோரோகுயின் தரலாம். ஃபால்சிபாரம் வகையாயின் மருந்தே வேறு. அக்கிருமி நச்சுக்கொடியில் தங்கிச் சிசுவின் எடையைக் குறைக்கும். முதல் மூன்று மாதங்களில் குயினைன் தருவதே நெடுநாள் வழக்கம். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஆர்ட்டிமெதர்–லூமிஃபான்ட்ரினை அம்மாதங்களுக்கும் பரிந்துரைத்தது. எந்த வகை என்பதை இரத்தத்துளி ஒன்றே சொல்லும். அண்டை வீட்டார் சொல்ல இயலாது.

நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் போதாவோ என்று மூதாட்டி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கிருமி சிவப்பணுவைத் தின்னும்போது விடுபடும் இரும்புப்பொருள் உடலணுக்களை அரிக்கிறது. அதைத் தடுக்கும் ஆன்ட்டி ஆக்சிடன்ட் சத்துகள் இவ்வுணவுகளில் உண்டு; சோகை கண்ட நம் பெண்கள் உண்ணவேண்டியவையே. ஆனால் அவை கிருமியைக் கொல்லா. கடையில் வாங்கும் வைட்டமின் மாத்திரைகளை மிகுதியாக விழுங்குவதும் வேண்டா. ஆர்ட்டிமிசினின் மருந்து அதே அரிக்கும் ஆற்றலைக் கொண்டே கிருமியை அழிக்கிறது.

1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் இக்கிருமியைக் கண்டார். சென்னையில் இதைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடுகிறது. வேலைக்குச் செல்வோர் கொசுவலையையும் மூட்டையில் வைத்துக்கொள்க.

அப்பெண்ணின் மகள் இப்போது இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். நம் தெருத் தொட்டிகளுக்கு மூடியிட ஐந்து இளைஞர்கள் பெயர் தந்துள்ளனர். மேடையை விட்டு இறங்கியதும் மற்றவர்களின் பெயர்களையும் எழுதிக்கொள்வேன்.